குடிப்பவர் உட்காரும் இடம்

ஜார்ஜ் ஆர்வெல் என்றதும் நமக்கு 'விலங்குப் பண்ணை'யும் '1984' நாவலும் நினைவுக்கு வரும். தமக்குப் பிடித்த மதுக்கூடம் எப்படி இருக்க வேண்டும் என்றும் அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' நாளேட்டில் 1946 பிப்ரவரி 9 அன்று அது வெளிவந்தது. நல்ல 'பப்' ஒன்றுக்கு வேண்டிய பத்துக் குணங்களை அதில் அவர் வரிசைப்படுத்துகிறார். மதுவைப் பற்றிய பேச்சு அதில் குறைவு. குளிர்காலத்தில் கணப்பு எரிய வேண்டும். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழும் அளவுக்கு அமைதி வேண்டும், வானொலி கூடாது. பரிமாறுகிற பெண்கள் வாடிக்கையாளர்களைப் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும். வயிறு நிறையும் மதிய உணவு மலிவாகக் கிடைக்க வேண்டும். பின்புறம் ஒரு தோட்டம் இருந்து, கோடை மாலைகளில் மனைவி மக்களோடு வந்து அமர வேண்டும். 'தி மூன் அண்டர் வாட்டர்' என்று பெயரும் சூட்டி வர்ணித்துவிட்டு, இறுதியில் அப்படி ஒரு பப் உண்மையில் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிற்காலத்தில் வெதர்ஸ்பூன் என்ற பெரும் சங்கிலி நிறுவனம் தன் கிளைகள் சிலவற்றுக்கு அதே பெயரை வைத்துக்கொண்டது. ஆர்வெல் கற்பனை செய்தது ஒரு தெருக்கோடிக் கடையை.

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கமே 'பப்'. பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவைத்த ஒரு வீடு என்பது அதன் பொருள். சென்னையிலும் பெங்களூருவிலும் அந்தப் பெயர்ப்பலகையோடு இயங்கும், காதைச் செவிடாக்கும் இசைக்கூடங்களை வாசகர்கள் சற்று மறந்துவிட வேண்டும். 1830ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய பீர்க்கடைச் சட்டம், வரி செலுத்தும் குடும்பத் தலைவர் எவரும் 2 கினி கட்டணம் கட்டித் தம் வீட்டிலேயே பீர் வடித்து விற்கலாம் என்று அனுமதித்தது. ஜின்னால் சீரழிந்த மக்களைச் செறிவு குறைந்த பீரின் பக்கம் திருப்புவது அதன் நோக்கங்களுள் ஒன்று. முன்னறையில் நான்கு பெஞ்சுகளைப் போட்டு ஆயிரக்கணக்கானோர் கடை திறந்தனர். பப் இன்றும் ஒரு வீட்டின் கூடம்போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதுவைப் பற்றி எழுதினாலே அதைப் பரிந்துரைப்பதாக எண்ணும் சூழலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1988லேயே மதுபானங்களைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அரசே மதுவை விற்கும் ஒரு மாநிலத்தில், வாங்கியவர் அதை எங்கே உட்கார்ந்து குடிப்பார் என்ற கேள்வியைக் கேட்காமல் இருப்பது நேர்மை ஆகாது.

முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆய்வுப் பணிக்காக வட இங்கிலாந்தில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அறை எடுத்திருந்த தெருவின் முனையில் ஒரு பப் இருந்தது. முதல்முறை உள்ளே போனபோது, நம் ஊர் ஓட்டலில் அமர்வதுபோல ஒரு மேசையில் அமர்ந்து பணியாளரை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். கால் மணி நேரம் ஒருவரும் வரவில்லை. பக்கத்து மேசையில் நாயோடு அமர்ந்திருந்த முதியவர், எழுந்து கவுன்டருக்குப் போய்க் கேட்டு வாங்க வேண்டும் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு மாதக்கணக்கில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். நான் பெரும்பாலும் இஞ்சி பீர்தான் வாங்குவேன். பெயரில் பீர் இருந்தாலும் அது குளிர்பானம். ஒருநாளும் யாரும் அதைக் குறைவாகப் பார்த்ததில்லை.

பணியாளர் மேசைக்கு வராதது சோம்பலால் அன்று. ஆங்கிலேயர் அறிமுகமற்றவரோடு பேசக் கூசுபவர்கள். அந்தக் கூச்சத்தை விட்டுப் பேசுவதற்கு அவர்களுக்கு அனுமதி உள்ள மிகச் சில இடங்களுள் பப் கவுன்டரும் ஒன்று என்று மானிடவியலாளர் கேட் ஃபாக்ஸ் விளக்கியிருக்கிறார். அங்கே வரிசை கிடையாது. ஆனால் யார் முதலில் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். முந்திக்கொள்பவரைப் பரிமாறுபவர் கண்டுகொள்ளமாட்டார். பொருளாதாரத்தில் நாங்கள் 'எழுதப்படாத விதிகள்' என்று பக்கம் பக்கமாகக் கற்பிப்பதை அந்த நாலடி மரப்பலகை ஒரே மாலையில் கற்றுக்கொடுத்துவிடும்.

அளவும் கவனிக்கத்தக்கது. குழாயிலிருந்து ஊற்றும் பீரை ஒரு பைன்ட், அதாவது 568 மில்லிலிட்டர், அல்லது சட்டம் வகுத்த அதன் பின்ன அளவுகளில் மட்டுமே அங்கு விற்கலாம். 4 விழுக்காடு செறிவுள்ள ஒரு பைன்ட்டில் இருக்கும் தூய ஆல்கஹால் சுமார் 23 மில்லி. நம் ஊரில் 'குவார்ட்டர்' எனப்படும் 180 மில்லி பாட்டிலின் செறிவு 42.8 விழுக்காடு; அதிலுள்ள தூய ஆல்கஹால் 77 மில்லி. மூன்று பைன்ட்டுக்கும் அதிகம். அங்கு அதைக் குடித்து முடிக்க ஒரு மாலை முழுதும் ஆகும். இங்கு ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டைக் கலந்து, சுவரோரம் நின்றபடி பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

பப்பின் எல்லா வழக்கங்களும் நல்லவை என்று சொல்லமாட்டேன். ஒருவர் எல்லோருக்கும் வாங்க, அடுத்த சுற்றை அடுத்தவர் வாங்கும் 'ரவுண்டு' முறை நட்பை வளர்க்கிறது. கூடவே, நால்வர் அமர்ந்தால் நான்கு கோப்பை குடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தையும் வளர்க்கிறது. வகுப்பில் இதை விளையாட்டுக் கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னால் பின்வரிசை மாணவர்கள் சட்டென்று நிமிர்ந்து அமர்வார்கள். முதல் உலகப் போரின்போது 1915இல் அமைக்கப்பட்ட மதுக் கட்டுப்பாட்டு வாரியம், ஒருவர் மற்றவருக்கு மது வாங்கித் தருவதையே பல பகுதிகளில் குற்றமாக்கியது. உணவோடு சேர்த்து வாங்கினால் மட்டும் விலக்கு.

யாருக்கு இடம் இல்லை?

பொதுமக்களின் வீடு என்று பெயர் வைத்துக்கொண்டாலும், பொதுமக்கள் எல்லோருக்கும் அங்கு இடம் இருக்கவில்லை. பழைய பப்களில் உழைப்பாளிகளுக்கு மரத்தரை போட்ட ஓர் அறை, வசதி படைத்தோருக்குக் கம்பளம் விரித்த வேறோர் அறை. அதே பீருக்கு அங்கே கூடுதல் விலை. லண்டன் ஃபிளீட் தெருவில் பத்திரிகையாளர்கள் கூடும் 'எல் வீனோ' மதுக்கூடத்தில், பெண்கள் கவுன்டரில் நின்று வாங்க முடியாது; உள்ளறையில் அமர்ந்தால்தான் பரிமாறுவார்கள். பாலினப் பாகுபாட்டுச் சட்டம் 1975இல் வந்த பிறகும் அது நீடித்தது. இரு பெண்கள் வழக்குத் தொடுத்து, 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அது ஒழிந்தது.

இந்தியர்களின் கதை இன்னும் கசப்பானது. பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக், வெஸ்ட் பிராமிச் ஊர்களின் வார்ப்பாலைகளில் உழைத்த பஞ்சாபியர் பலருக்கு, வேலை முடிந்து தாகத்தோடு போனால் பப்பில் இடம் மறுக்கப்பட்டது, அல்லது ஓர் அறை மட்டும் ஒதுக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. அதன் அழைப்பை ஏற்று 1965 பிப்ரவரியில், தாம் கொல்லப்படுவதற்குச் சில நாள்கள் முன்பு, மால்கம் எக்ஸ் ஸ்மெதிக்குக்கு வந்தார். அந்த ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த இன உறவுகள் சட்டம் பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடை செய்தது. காலப்போக்கில், ஆங்கிலேயரால் நடத்த முடியாமல் போன பப்களைப் பஞ்சாபியரே எடுத்து நடத்தத் தொடங்கினர். இன்று 'தேசி பப்' என்று அழைக்கப்படும் அவற்றில் கனல் அடுப்பில் வாட்டிய இறைச்சித் தட்டு புகழ்பெற்றது. வெள்ளையரும் பஞ்சாபியரும் ஒரே தொலைக்காட்சியில் கால்பந்தும் கிரிக்கெட்டும் பார்க்கிறார்கள். டேவிட் ஜேசுதாசன் என்ற பத்திரிகையாளர் இவற்றைப் பற்றி 2023இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். நல்ல மதுக்கூடத்துக்கு ஆர்வெல் தந்த பட்டியலில் இல்லாத பதினோராவது குணம் இங்கே இருக்கிறது: யாரும் வாசலில் நிறுத்தப்படக் கூடாது.

கடை யாருடையது?

ஒரு பப் நல்ல இடமாக இருப்பதும் கெட்டுப்போவதும் அதன் உரிமை யாரிடம் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் நெடுங்காலம் பீர் ஆலைகளே பெரும்பாலான பப்களுக்கு உரிமையாளர்கள். நடத்துபவர் குத்தகைதாரர், அந்த ஆலையின் பீரைத்தான் அவர் வாங்க வேண்டும். இந்த ஏகபோகத்தை உடைக்க 1989இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள், அதற்கு மேற்பட்டவற்றில் பாதியைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றது. நோக்கம் நல்லது, விளைவோ எதிர்பாராதது. ஆலைகள் விற்ற பப்களை, பீரே தயாரிக்காத சொத்து நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் கடன் வாங்கிச் சேர்த்தன. குத்தகைதாரருக்குப் பழைய கட்டுப்பாடு தொடர்ந்தது; முதலாளி மட்டும் மாறினார். புது முதலாளிக்கு அது பப் அன்று, மனை. அடுக்குமாடி வீடாக்கினால் அதிக விலை போகும் என்றால் கதவைச் சாத்துவதே லாபம்.

பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2018இல் வெளியிட்ட ஆய்வு, 2008இல் சுமார் 50,000 ஆக இருந்த பப்கள் பத்தாண்டுகளில் சுமார் 39,000 ஆகக் குறைந்ததைக் காட்டியது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் துறையின் மொத்த வருவாய் குறையவில்லை, வேலைவாய்ப்பு கூடியிருந்தது. மூடப்பட்டவை சிறிய கடைகள். வளர்ந்தவை நகர மையத்துப் பெரிய கடைகள். புள்ளிவிவரத்தில் துறை நலமாக இருக்கிறது. நாயோடு வரும் முதியவருக்குத்தான் போக இடமில்லை.

சில ஊர்கள் இதை ஏற்கவில்லை. லண்டன் நன்ஹெட் பகுதியின் 'ஐவி ஹவுஸ்' விற்கப்பட இருந்தபோது, 2011இன் உள்ளாட்சிச் சட்டத்தைப் பயன்படுத்தி அதைச் 'சமுதாய மதிப்புள்ள சொத்து' எனப் பதிவு செய்து, 2013இல் மக்களே பங்கு சேர்த்து வாங்கினர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2003இல், வடமேற்கில் கம்ப்ரியா பகுதியின் ஹெஸ்கட் நியூமார்க்கெட் என்ற சிற்றூரார் தங்கள் 'ஓல்டு கிரவுன்' பப்பைக் கூட்டுறவு அமைத்து வாங்கிவிட்டனர். பிரிட்டனில் கூட்டுறவு உரிமையில் வந்த தொடக்ககால பப்களுள் அதுவும் ஒன்று.

அதே கம்ப்ரியாவில்தான் கார்லைல் நகரமும் இருக்கிறது. நம் மாநிலத்தவர் அறிந்திருக்க வேண்டிய ஒரு சோதனை அங்கே நடந்தது.

அரசு நடத்திய பப்கள்

முதல் உலகப் போரில், கார்லைலுக்கு வடக்கே கிரெட்னாவில் பிரம்மாண்டமான வெடிமருந்து ஆலை எழுந்தது. அதைக் கட்டவும் இயக்கவும் பல்லாயிரம் தொழிலாளர்கள் குவிந்தனர். கையில் கூலி, மாலையில் பொழுதுபோக்க வேறு வழியில்லை. கார்லைல் தெருக்கள் குடிவெறியில் தள்ளாடின. 1916இல் அரசு அந்தப் பகுதியின் பீர் ஆலைகளையும் பப்களையும் விலை கொடுத்து வாங்கித் தானே நடத்தத் தொடங்கியது.

முதல் வேலையாகப் பல கடைகளை மூடினார்கள். மது விளம்பரங்களை அகற்றினார்கள். எஞ்சிய பப்களின் மேலாளர்களுக்கு நிலையான சம்பளம். மது அதிகம் விற்றால் அவர்களுக்கு ஒரு காசும் கூடாது. இன்னொரு கோப்பை குடியுங்கள் என்று தூண்டுவதற்கு யாருக்கும் காரணமே இல்லாமல் செய்தார்கள். இந்தக் கோட்பாட்டுக்குப் 'பற்றற்ற நிர்வாகம்' என்று பெயர். மூன்றாவதாக, உணவு. பழைய அஞ்சல் நிலையக் கட்டடம் ஒன்றில் 1916 ஜூலையில் திறக்கப்பட்ட 'கிரெட்னா டேவர்ன்' தொழிலாளர்களுக்குச் சூடான உணவு தரும் கூடமாகவே வடிவமைக்கப்பட்டது. போருக்குப் பின்னும் திட்டம் தொடர்ந்தது. ஹாரி ரெட்ஃபர்ன் என்ற கட்டடக் கலைஞர் புதுவகை பப்களை வடிவமைத்தார். வெளிச்சம் நிறைந்த அறைகள், எல்லோருக்கும் இருக்கை, சிலவற்றில் புல்வெளிப் பந்தாட்டத் திடல். அவற்றுள் 'ஆப்பிள் ட்ரீ' 1927இல் திறக்கப்பட்டது. அவர் பெயரையே தாங்கிய 'ரெட்ஃபர்ன் இன்' 1940இல் வந்தது.

குடிபோதைக் குற்றங்கள் கார்லைலில் வெகுவாகக் குறைந்தன. முழுப் புகழையும் இத்திட்டத்துக்குத் தந்துவிட முடியாது. போர்க்காலத்தில் நாடெங்கும் பீரின் செறிவும் விற்பனை நேரமும் குறைக்கப்பட்டிருந்தன. ஆலைத் தொழிலாளர்களும் பின்னர் கலைந்து போனார்கள். ஆயினும், அரசு நடத்தும் மதுக்கடை அழுக்கடைந்துதான் இருக்கும் என்ற எண்ணத்தை அது பொய்யாக்கியது. 57 ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை, லாபத்தில் இருந்தபோதே, எட்வர்டு ஹீத்தின் அரசு 1971இன் சட்டம் ஒன்றின் வழியே கலைத்து, 1973க்குள் எல்லாவற்றையும் தனியாருக்கு விற்றுவிட்டது.

இங்கே

டாஸ்மாக் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. மது வழியாக அரசுக்குக் கிடைக்கும் வரி வருவாய் 2023-24இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழக் கால் பங்கு. கார்லைலின் லாபமும் அரசுக் கருவூலத்துக்குத்தான் போனது. ஆனால் பிரிட்டனின் கருவூலத்துக்கு ஒரு சிறு நகரத்துப் பீர் வருவாய் ஒரு பொருட்டல்ல. அது குறைந்தால் நிதியமைச்சர் தூக்கம் இழக்கமாட்டார். இங்கே விற்பனையாளரின் சம்பளம் விற்பனையைப் பொறுத்ததல்ல என்பது உண்மை. பற்று இருப்பது கடையில் அல்ல, வரவு செலவுத் திட்டத்தில்.

அரசு பாட்டிலை விற்கிறது, இடத்தை விற்பதில்லை. கடையை ஒட்டியிருக்கும் 'பார்' அரசுடையது அன்று. தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும் ஒப்பந்தப்புள்ளி வழியே தனியாருக்குத் தரப்படும் உரிமம் அது. அதிக தொகை கேட்பவருக்கு உரிமம் போகிறது. அந்தத் தொகையை அவர் சுண்டலிலும் பிளாஸ்டிக் குவளையிலும் மீட்டாக வேண்டும். ஒருவர் எவ்வளவு விரைவில் எழுந்து போகிறாரோ அவ்வளவு நல்லது. நாற்காலி அவருக்கு வீண் செலவு. பார் இல்லாத கடைகளில் வாங்கியவருக்கு வயல் வரப்பும் பள்ளிச் சுவரும் பேருந்து நிழற்குடையும்தான் கதி. காலையில் அங்கே உடைந்து கிடக்கும் கண்ணாடியை மிதிக்கும் குழந்தைக்கும் மாட்டுக்கும் இந்த வணிகத்தில் எந்தப் பங்கும் இல்லை. நாளிதழ்கள் 'மதுப்பிரியர்' என்று கேலியாக எழுதும் மனிதர், எட்டு மணி நேரம் சாரத்தில் நின்று கலவை சுமந்தவராக இருக்கலாம். அவர் கட்டும் வரிக்கு ஈடாக ஒரு பெஞ்சு கூடக் கிடைப்பதில்லை.

எல்லைக்கு அப்பால் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. குட்டநாட்டில் காயலோரக் கள்ளுக்கடைகளில் மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடுவதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். பல கடைகளில் குடும்பங்களுக்குத் தனி அறை உண்டு. கள்ளின் செறிவு பீரை ஒத்தது. நாம் 1987இல் கள்ளை நிறுத்திவிட்டு 42.8 விழுக்காட்டை வைத்துக்கொண்டோம்.

இடத்தை நன்றாக அமைத்தால் குடிக்காதவரும் குடிக்க வருவார் என்பது வலுவான எதிர்வாதம்; அதை ஒதுக்கிவிட மாட்டேன். கார்லைலில் கடைகளின் எண்ணிக்கையைக் குறைத்த பிறகுதான் எஞ்சியவற்றை மேம்படுத்தினார்கள். அந்த வரிசை முக்கியம். 2023 ஜூனில் இங்கு 500 கடைகள் மூடப்பட்டபோது, எஞ்சிய கடைகளின் இருக்கை, வெளிச்சம், கழிப்பறை பற்றிப் பெரிதாக எந்தப் பேச்சும் எழவில்லை. அடுத்த முறை பார் உரிமத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, அதிக தொகை என்ற ஒற்றை அளவுகோலுக்குப் பதிலாகச் சில நிபந்தனைகளைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது. நின்றுகொண்டு குடிக்க அனுமதி கூடாது, இத்தனை சதுர அடிக்கு இத்தனை இருக்கை, விலைப்பட்டியலோடு சமைத்த உணவு, காசில்லாக் குடிநீர், சுத்தமான கழிப்பறை. ஏலத் தொகை அதனால் சற்றுக் குறையும். எவ்வளவு குறையும் என்பதை ஒரு மாவட்டத்தில் ஈராண்டு நடத்திப் பார்த்துக் கணக்கிட்டுவிடலாம்.